குதிரை நடந்த கரையில் சைக்கிள்

போன இதழில், நானும் என் தங்கையும் ஒரு செப்டம்பர் மாதம் ஜெர்மனியின் பாஸாவ் நகரத்திலிருந்து ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா வரை டான்யூப் ஆற்றங்கரையோடு சைக்கிளில் போய்வந்ததை எழுதியிருந்தேன். சுமார் 320 கிலோமீட்டர், எட்டு நாள். நான் 31 வருடம் கட்டடப் பொறியாளராக இருந்தவள். தங்கை பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுத்தவள். அப்போது எனக்கு 59 வயது, அவளுக்கு 56. கட்டுரை வந்ததிலிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. பலரும் ஒன்றையே கேட்டிருந்ததால் அவற்றைச் சேர்த்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

இந்த ஊர்களுக்கெல்லாம் ரயில் இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள் அம்மா. இந்த வயதில் ஏன் சைக்கிள்? பழைய கட்டடத்தைப் பார்க்க மிதித்துத்தான் போகவேண்டுமா?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், மதுரை)

அய்யா, என் வீட்டிலும் இதைத்தான் கேட்டார்கள். கிளம்பும்போது என்னிடம் பதில் இல்லை. வந்த பிறகு இருக்கிறது.

அந்தக் கரையில் இன்றைக்கு சைக்கிள் ஓடுகிற பாதை சைக்கிளுக்காகப் போட்டதில்லை. நீராவிக் கப்பல் வருவதற்கு முன் அந்த ஆறுதான் அந்த நாட்டின் நெடுஞ்சாலை. உப்பு, மரம், ஒயின், கல் எல்லாம் படகில்தான் போயின. ஓட்டத்தோடு கீழே போவது சுலபம். போய்ச் சேர்ந்ததும் படகையே பிரித்து மரமாக விற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. எதிர்த்து மேலே வருவதுதான் பாடு. கரையில் குதிரைகளைப் பூட்டி, நீளமான வடம் கட்டி இழுப்பார்கள். பெரிய படகு வரிசைக்கு நாற்பது, ஐம்பது குதிரைகள்கூட வேண்டியிருந்தன. அந்தக் குதிரைகள் நடக்க ஆற்றை ஒட்டியே ஒரு பாதை. ட்ரெப்பல்வேக் என்று இன்றும் சொல்கிறார்கள். 1830-க்குப் பிறகு நீராவிக் கப்பல்கள் வந்தன, குதிரைகள் மெல்லப் போயின, பாதை மிஞ்சியது. பிறகு அணைகள் கட்டி நீர்மட்டம் உயர்ந்தபோது பாதையையும் சில இடங்களில் உயர்த்திப் போட்டார்கள். ஆனால் தடம் அதே தடம்தான். மேடு பள்ளம் அதிகம் இல்லாததற்கும் அதுதான் காரணம். பாரம் இழுக்கும் குதிரையால் மேடு ஏற முடியாதே.

அந்த ஊர்கள் எல்லாம் ஆற்றைப் பார்த்துக் கட்டியவை. நல்ல வீடுகள், சுங்கச்சாவடி, உப்புக் கிடங்கு, கோயில் கோபுரம் எல்லாம் தண்ணீர்ப் பக்கம் முகம் காட்டி நிற்கின்றன. ரயில் வந்தது பின்னால். ரயிலில் போய் இறங்கினால் பல ஊர்களில் கொல்லைப்புறம் வழியாக நுழைகிறோம். சைக்கிளில் போனால் வாசல் வழியாக.

மெல்க் மடாலயம் எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரு வளைவு திரும்பினோம். தூரத்தில் பாறைமேல் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. மிதிக்க மிதிக்க அது இரண்டு கோபுரமாயிற்று, நடுவில் ஒரு குவிமாடம் எழுந்தது, அப்புறம் நீண்ட நீண்ட சுவர். அரை மணி நேரம் அது எங்களை நோக்கி வளர்ந்துகொண்டே வந்தது. யாகோப் பிரான்டவர் 1702-ல் அதைக் கட்டத் தொடங்கியபோது, படகில் வருகிறவன் கண்ணுக்கு எப்படித் தெரியவேண்டும் என்று கணக்குப் போட்டுத்தான் அந்த மேற்கு முகப்பை ஆற்றின் பக்கம் திறந்து வைத்திருக்கிறார். அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள மெதுவாக வரவேண்டும். கார் நிறுத்துமிடம் மடாலயத்துக்குக் கிழக்கே இருக்கிறது. அங்கிருந்து நுழைகிறவருக்குத் தெரிவது வேறு கட்டடம்.

எத்தனை நாள், எந்த மாதம், என்ன மாதிரி சைக்கிள்? விசா எந்த நாட்டில் கேட்பது?
(கோவை, பெங்களூரு, திருச்சி எனப் பல ஊர் வாசகர்கள்)

சுருக்கமாகச் சொல்கிறேன். மே கடைசி, ஜூன், செப்டம்பர் நல்ல மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் அறைக்கு அல்லாடவேண்டும். தினம் 40 முதல் 60 கிலோமீட்டர் போதும். நாங்கள் இரவு தங்கியது ஷ்லோகன், லின்ஸ், கிரைன், மெல்க், டியூர்ன்ஸ்டைன், துல்ன் ஆகிய ஊர்களில். சைக்கிளைப் பாஸாவில் வாடகைக்கு எடுத்து வியன்னாவில் விட்டுவிடலாம். பெட்டியை அடுத்த விடுதிக்கு வேனில் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஏற்பாடும் உண்டு, அதற்குக் கொடுக்கிற பணம் வீண் இல்லை. முழங்கால் வலி உள்ளவர்கள் மின்சார சைக்கிள் எடுத்துக்கொள்ளுங்கள். மேற்கிலிருந்து கிழக்கே, ஆற்றோட்டத்தோடு போங்கள், காற்றும் பெரும்பாலும் முதுகுப் பக்கம்தான் வீசும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடிவிடும், சனியன்றே ரொட்டியும் பழமும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவை அதிக நாள் தங்கும் நாட்டில் கேட்கவேண்டும். இந்தப் பயணத்துக்கு அது ஆஸ்திரியா.

வழி தவறுமோ என்று பயப்பட வேண்டாம். அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகிற ஆறாம் எண் ஐரோப்பிய சைக்கிள் வழியின் ஒரு துண்டுதான் இது. 6 என்று போட்ட பலகை கூடவே வரும்.

கட்டடக்கலை படிக்கிறேன் மேடம். அந்தப் பக்கத்துத் தேவாலயங்களின் படங்களைப் பார்த்தால் எல்லாம் தங்கமும் தேவதைகளுமாக ஒரே மாதிரி இருக்கின்றன. நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?
(மாணவி, தஞ்சாவூர்)

கண்ணு, உன் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ளப்போகிறேன்.

தங்கத்தை முதலில் பார்க்காதே. அந்தக் கட்டடம் ஏன் அப்போது கட்டப்பட்டது என்று கேள். பாஸாவில் பதில் ஒரே சொல்: தீ. 1662-ல் ஊரே எரிந்துபோயிற்று. 1680-ல் மறுபடி ஒரு தீ. புதிதாகக் கட்ட ஆயர் அழைத்துவந்தது இத்தாலிக்காரர்களை. தேவாலயத்தை எழுப்பிய கார்லோ லுராகோவும், சுதை வேலை செய்த ஜொவான்னி பத்தீஸ்தா கார்லோனேயும் கோமோ ஏரிப் பக்கத்து மலைப் பள்ளத்தாக்கு ஒன்றைச் சேர்ந்த கொத்தனார் குடும்பங்களில் வந்தவர்கள். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து தலைமுறை தலைமுறையாகக் கல்லுளியும் கரண்டியுமாக ஆல்ப்ஸ் தாண்டி வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஒரே மாதிரி இருக்கின்றன என்று நீ சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. ஒரே கைகள் பல ஊர்களில் வேலை செய்திருக்கின்றன.

உள்ளே பார்த்துவிட்டு அப்படியே திரும்பிவிடாதே. வெளியே வந்து, சுற்றிக்கொண்டு கிழக்குப் பக்கம் போ. தீக்கு முந்திய கோதிக் கட்டடத்தின் ஒரு பகுதி அங்கே இன்னும் நிற்கிறது. கூரான, ஒல்லியான, சாம்பல் நிறக் கல். லுராகோ அதை இடித்துத் தள்ளவில்லை. நின்றவரைக்கும் வைத்துக்கொண்டு, அதோடு புதியதை ஒட்டியிருக்கிறார். பழுதான கட்டடத்தை இடிப்பதா, வைத்துக்கொள்வதா என்று வேலையில் எத்தனையோ முறை கையெழுத்துப் போட்டவள் நான். அந்த இணைப்பின் கீழே வெகுநேரம் நின்றேன்.

பாஸாவில் இன்னொன்று. டான்யூபோடு இன் என்ற ஆறும் இல்ஸ் என்ற ஆறும் அங்கேதான் சேர்கின்றன. இன் ஆற்றின் தண்ணீர் பனிமலையிலிருந்து வருவதால் வெளிர்பச்சை. இல்ஸ் காட்டுச் சதுப்பிலிருந்து வருவதால் கறுப்பு. சேர்ந்த பிறகும் கொஞ்ச தூரம் கலக்காமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. பார்க்க அழகு. ஆனால் நகர மன்றக் கோபுரத்தின் சுவரைப் போய்ப் பார். ஒவ்வொரு வெள்ளமும் எவ்வளவு உயரம் வந்தது என்று கோடு போட்டு வருடம் எழுதியிருக்கிறார்கள். 2013 ஜூனில் ஆற்றின் அளவுகோலில் 12.89 மீட்டர். 1501-க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. நான் கையை உயர்த்தினேன், கோடு அதற்கும் மேலே இருந்தது. அந்தத் தெருக்களில் தரைத்தளத்தில் ஏன் கனமான வளைவுகளும் தடித்த சுவரும் இருக்கின்றன, வாழ்க்கை ஏன் முதல் மாடியில் தொடங்குகிறது என்பதற்கு விளக்கப் பலகையே தேவையில்லை.

அடுத்தது மெல்க். அங்கே பளிங்கு மண்டபம் என்று ஒன்று இருக்கிறது. உள்ளே போனதும் எல்லோரும் சிவப்புப் பளிங்கைப் பார்த்து வியப்பார்கள். கதவு நிலைகள் உண்மையான கல். சுவர்கள் கல் இல்லை. ஜிப்சமும் பசையும் வண்ணப் பொடியும் சேர்த்துப் பிசைந்து, பூசி, பல நாள் தேய்த்து மெருகேற்றிய சுதை. கல் என்றால் சில்லென்று இருக்கும், இது அவ்வளவு சில்லென்று இராது. அங்கே தொட விடமாட்டார்கள் என்பதால் கண்ணால்தான் தேடவேண்டும்: உண்மைக் கல்லின் கோடு ஒழுங்கில்லாமல் போகும், கை பிசைந்ததன் கோடு கொஞ்சம் அழகாகவே போகும். இதை ஏமாற்று என்று நினைக்காதே. ஸ்டக்கோ மார்பிள் என்கிற இந்தச் சுதைப் பளிங்கை நன்றாகச் செய்ய அபாரமான கை வேண்டும். அந்தச் சுவர்களைக் கட்டியவர்கள் தங்கள் தொழிலில் உச்சத்தில் இருந்தவர்கள்.

அங்கேயே மேலே பார். வளைந்து உயர்ந்த விதானம்போலத் தெரியும். அது கிட்டத்தட்டத் தட்டையான கூரை. பால் ட்ரோகர் உருவங்களை வரைய, கெய்ட்டானோ ஃபான்டி சுற்றிலும் தூண்களையும் வளைவுகளையும் வரைந்து கண்ணைத் தூக்கிவிட்டார். மண்டபத்தின் நடுவில் நின்றால் எல்லாத் தூணும் நிமிர்ந்து நிற்கும். ஓரத்துக்கு நகர்ந்தால் சாய்ந்துவிடும். நடுவில் நின்று பார், நாலு அடி நகர்ந்து பார், மறுபடி வா. கண்ணுக்காகக் கட்டுவது என்றால் என்ன என்று அந்த நாலு அடியில் எனக்குப் புரிந்த அளவு எந்தப் புத்தகத்திலும் புரிந்ததில்லை.

நாங்கள் சுத்த சைவம். பட்டினி கிடக்காமல் திரும்ப முடியுமா?
(இல்லத்தரசி, சென்னை)

முடியும் அம்மா. உருளைக்கிழங்கு, காளான் எல்லாம் பெரும்பாலான விடுதிகளில் கிடைக்கும். பாலாடைக்கட்டி சேர்த்த கேஸ்ஷ்பெட்ஸ்லே என்ற மாவுப் பண்டமும் ரொட்டி உருண்டையும் உண்டு, ஆனால் அவற்றில் முட்டை சேர்ப்பார்கள், கேட்டுக்கொள்ளுங்கள். மெல்க்கைத் தாண்டி வரும் வாகாவ் பள்ளத்தாக்கில் ஆப்ரிகாட் பழத்தை உள்ளே வைத்துச் செய்த மரில்லன்க்னோடல் என்ற கொழுக்கட்டையைக் கட்டாயம் சாப்பிடுங்கள். பழம் ஜூலையில்தான் அறுவடை, ஆனால் கொழுக்கட்டை எங்களுக்குச் செப்டம்பரிலும் கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. சூப்பைக் கேட்காமல் வாங்காதீர்கள். தெளிவான சூப் என்றால் அநேகமாக மாட்டிறைச்சி வேகவைத்த சாறுதான். மேலே தோசைக் கீற்றுபோல மிதப்பதைப் பார்த்து என் தங்கை சைவம் என்று நினைத்துவிட்டாள். குழாய்த் தண்ணீர் தைரியமாகக் குடிக்கலாம்.

மௌத்ஹவுசன் வதைமுகாமைப் பற்றி ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். விடுமுறைப் பயணத்தில் அங்கே போகவேண்டுமா?
(வாசகர், திருநெல்வேலி)

நீங்கள் கேட்டது நியாயம். ஒரு வரியில் எழுதியிருக்கக் கூடாது.

லின்ஸ் தாண்டியபின் பாதை மௌத்ஹவுசன் ஊர் வழியாகத்தான் போகிறது. முகாம் மேலே குன்றின்மேல் இருக்கிறது. நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏறினோம்.

அங்கே முகாம் வைத்ததற்குக் காரணம் கல். வீனர் கிராபன் என்ற கருங்கல் சுரங்கம் வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமாக இருந்தது. வியன்னாத் தெருக்களுக்குப் பாவிய கற்களில் நிறைய அங்கிருந்து போனவை. 1938-ல் நாஜிகளின் எஸ்.எஸ். படை அந்தச் சுரங்கத்தை எடுத்துக்கொண்டு, கைதிகளைக் கொண்டு கல் உடைத்தது. மௌத்ஹவுசனிலும் அதன் கிளை முகாம்களிலுமாகச் சுமார் 1,90,000 பேர் அடைக்கப்பட்டார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். சுரங்கத்திலிருந்து மேலே வர 186 படிகள். தண்டனைக் குழுவில் போட்டவர்கள் முதுகில் கல்லைச் சுமந்துகொண்டு ஏறவேண்டும். 1945 மே 5 அன்று அமெரிக்கப் படை வந்துதான் விடுதலை.

ஒரு மனிதன் எவ்வளவு கல் சுமக்க முடியும் என்பது எனக்குத் தொழில்முறையில் தெரியும். ஆள்கூலிக் கணக்கில் எழுதியிருக்கிறேன். அந்தப் படிகளை மேலிருந்து பார்த்தபோது அந்தக் கணக்கு தானாக மனதில் ஓடியது, நிறுத்த முடியவில்லை. தங்கை வகுப்பில் பல வருடம் இரண்டாம் உலகப் போரைச் சொல்லிக்கொடுத்தவள். அவள் பேசவே இல்லை. அன்று மாலை கிரைன் வரை அவள் முன்னால் போனாள், நான் பின்னால் போனேன்.

போகவேண்டுமா என்றால், போங்கள். அரை நாள் ஒதுக்குங்கள். அன்றைக்கு வேறு எதையும் பார்க்கத் திட்டம் போடாதீர்கள். சிறு பிள்ளைகளை அழைத்துப்போக வேண்டாம். வழி முழுக்கக் கல் வேலைப்பாட்டை ரசித்துக்கொண்டு போகிறவர்கள், அந்தக் கல் ஒரு காலத்தில் எப்படி எடுக்கப்பட்டது என்பதையும் பார்த்துவிட்டுப் போவதுதான் சரி என்று நான் நம்புகிறேன்.

புகழ்பெற்ற ஊர்களை விடுங்கள். உங்கள் மனதுக்குப் பிடித்த சின்ன ஊர் எது?
(வாசகி, யாழ்ப்பாணம்)

கிரைன். யோசிக்காமல் சொல்வேன்.

அந்த இடத்தில் ஆறு குறுகி, பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடியது. ஆஸ்திரியப் பக்கத்து டான்யூபில் படகோட்டிகளுக்குப் பெரிய பயம் அந்தச் சுழிகள்தான். வழி தெரிந்த உள்ளூர் ஆட்களைப் படகில் ஏற்றிக்கொள்ளாமல் கடக்க முடியாது. அதில் சம்பாதித்து வளர்ந்த ஊர் கிரைன். 18-ஆம் நூற்றாண்டிலிருந்து பாறைகளை வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். 1959-ல் கீழே அணை வந்தபின் சுழி இருந்த இடம் ஏரிபோல ஆகிவிட்டது. நாங்கள் பார்த்தபோது ஒரு வாத்துக் கூட்டம் நிம்மதியாக மிதந்துகொண்டிருந்தது.

ஊரின் நகர மன்றக் கட்டடத்தில் தானியக் கிடங்காக இருந்த இடத்தை 1791-ல் நாடக அரங்கமாக்கினார்கள். இன்னும் அப்படியே இருக்கிறது. சந்தா கட்டியவர் தன் இருக்கையை மடித்துப் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போவார். அரங்கத்துக்குள்ளேயே ஒரு திரை மறைவில் கழிப்பிடம், நாடகத்தில் ஒரு வசனமும் தவறாது! பக்கத்து அறை ஊர்ச் சிறை. சுவரில் இருந்த திறப்பு வழியாகக் கைதிகளும் நாடகம் பார்க்கலாம். அந்தச் சின்ன மரப்பெட்டிபோன்ற அரங்கத்தில் உட்கார்ந்தபோது, தங்கைக்கு முதல் நாள் மௌத்ஹவுசனில் போன பேச்சு திரும்பி வந்தது. நான் கிரைனை நேசிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எதையாவது தவறவிட்டதாக வருத்தம் உண்டா? மறுபடி போனால் என்ன மாற்றுவீர்கள்?
(வாசகர், சேலம்)

இரண்டு உண்டு.

ஒன்று, என்ஸ். மௌத்ஹவுசனுக்கு எதிர்க்கரை. 1212-ல் நகர உரிமை பெற்ற ஊர், சதுக்கத்தின் நடுவில் தனியாக 60 மீட்டர் உயரக் கோபுரம். அன்றைக்கு மனம் கனத்திருந்ததால் ஆற்றைக் கடக்கவில்லை. இரண்டு நாள் கழித்து டியூர்ன்ஸ்டைன் வந்தோம். ஆற்றோரம் நீலமும் வெள்ளையுமாக ஒரு கோபுரம், மேலே பாறையில் இடிந்த கோட்டை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டை 1192 கடைசியில் பிடித்து ஆஸ்திரியக் கோமகன் ஐந்தாம் லியோபோல்டு அடைத்துவைத்தது அங்கேதான். கோட்டை வாசலில் நின்று தங்கை ஒரு விஷயம் சொன்னாள். அவரை விடுவிக்க மீட்புப் பணமாக வந்த வெள்ளியில் லியோபோல்டின் பங்கு எங்கே போயிற்று தெரியுமா அக்கா? வியன்னாவுக்கும் என்ஸுக்கும் மதில் கட்ட. நாம் விட்டுவிட்டு வந்த அதே என்ஸ். இதை ஏன் நீ முன்னாலேயே சொல்லவில்லை என்று அவளோடு சண்டை போட்டேன்.

இன்னொன்று, வாகாவ் பள்ளத்தாக்கை ஒரே நாளில் ஓட்டியது. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை 36 கிலோமீட்டர்தானே என்று நினைத்துவிட்டேன். 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த இடம். எல்லோரும் கோட்டையையும் கோபுரத்தையும் படம் எடுக்கிறார்கள். மலைச்சரிவில் திராட்சைக்காகப் படிப்படியாக அடுக்கியிருக்கிற கல் சுவர்களை யாரும் நின்று பார்ப்பதில்லை. சிமென்ட் கிடையாது, சுண்ணாம்புக் காரை கிடையாது, கல்லோடு கல் பொருத்தி வைத்தது. மழைத் தண்ணீர் இடுக்கு வழியாக வெளியேறிவிடும், அதனால் சுவர் முதுகில் அழுத்தம் சேராது. தடுப்புச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓட்டை விடாமல் கட்டி, ஒரே மழையில் சரிந்ததை என் வேலைக்காலத்தில் பார்த்திருக்கிறேன். இந்தச் சுவர்களின் பெயரில் எந்தச் சிற்பியும் இல்லை. ஒவ்வொரு வருடமும் எங்காவது சரியும், திராட்சை விவசாயிகளே மறுபடி அடுக்குவார்கள்.

வைசன்கிர்ஷன் அருகே ஒருவர் அப்படி அடுக்கிக்கொண்டிருந்தார். சைக்கிளைச் சாய்த்துவிட்டு நின்றேன். ஒரு கல்லை எடுத்தார், மூன்று பக்கம் திருப்பிப் பார்த்தார், கீழே வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்தார். எனக்கு ஜெர்மன் தெரியாது. முதலில் வைத்த கல்லைக் கை காட்டி, அது ஏன் வேண்டாம் என்று சைகையில் கேட்டேன். அவர் அந்தக் கல்லை இடத்தில் வைத்து விரலால் ஒரு தட்டுத் தட்டினார். லேசாக ஆடியது. தங்கை மணி அடித்துக் கூப்பிட்டாள், அறைக்கு நேரமாகிவிட்டது, கிளம்பிவிட்டேன். மறுபடி போனால் அந்தப் பள்ளத்தாக்குக்கு மூன்று நாள்.